ஓ.பி. முதல் சீட்டு

மேலகரம் முத்துச்செல்வி என்று கேட்டால் தென்காசியில் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. ஓ.பி. அக்கா என்று கேளுங்கள். பஸ் ஸ்டாண்டு ஆட்டோ முகம்மது இஸ்மாயில் உங்களை ஏற்றிக்கொண்டு போய் நேரே ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுவார். எந்த ஆஸ்பத்திரி என்று நான் சொல்லப்போவதில்லை. தனியார் ஆஸ்பத்திரி, மூன்று மாடி, வாசலில் ஒரு வேப்பமரம், அது போதும். பதினோரு வருஷமாக அங்கே வெளிநோயாளிகளுக்குச் சீட்டுப் போடுகிறவள் முத்துச்செல்விதான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தலையைக் குனிந்தபடி, "பேரு? வயசு? என்ன செய்யுது?" என்று கேட்பாள். நிமிர்ந்து பார்க்கிற வழக்கமே கிடையாது. நிமிர்ந்தால் போச்சு, நம்ம ஊர் ஆட்கள் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்! முட்டுவலியில் தொடங்கி மருமகளில் போய் நிற்பார்கள். மத்தியானம் ஒரு மணிக்குள் இருநூறு சீட்டுப் போட வேண்டியவள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

அவளைக் கட்டியவன் சொரிமுத்து. இருபது வயதில் பட்டாளத்துக்குப் போனவன், இப்போது முப்பத்தெட்டு. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். அதில் இருவரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்த நாட்களைச் சேர்த்தால் இரண்டு வருஷம் தேறினால் அதிகம். சண்முகப்பிரியா என்று ஒரு மகள், ஐந்தாம் வகுப்பு.

முத்துச்செல்வி வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் சொரிமுத்து போன் செய்தான். "செல்வி, நாளையிலேருந்து நான் ஓ.பி. போறேன். ரெண்டு மாசத்துக்குப் போன் வராது" என்றான். இவளுக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. "ஐயய்யோ, உடம்புக்கு என்ன செய்யுது? டாக்டர் என்ன சொன்னாரு?" என்று போனிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். அவன் சிரித்தான். "ஏட்டி, இது உங்க ஆஸ்பத்திரி ஓ.பி. இல்ல. அப்சர்வேஷன் போஸ்ட். மலை உச்சியில ஒரு பதுங்குகுழி. நாலு பேரு. எதுத்த மலையைப் பாத்துக்கிட்டே இருக்கணும். அம்புட்டுதான் வேலை. அங்கன டவர் கிடையாது."

"பாத்துக்கிட்டேயா?"

"பாத்துக்கிட்டேதான்."

அதை அவள் மாமியார் ஆவுடையம்மாளிடம் சொல்ல, அந்த அம்மாள் பெருமை தாங்காமல் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள், என் மவன் ஓ.பி.யில இருக்கான் என்று. எதிர்வீட்டுப் பையன் ஒருவன் பி.டபிள்யூ.டி. ஆபீசில் வேலை பார்ப்பவன். "எங்க ஆபீசுலயும் பாதிப்பேர் ஓ.பி.தான் அத்தை" என்று சிரித்தான். வேலை நேரத்தில் டிமிக்கி கொடுப்பதற்கும் ஓ.பி. அடிப்பது என்றுதான் பெயர் என்று அன்றைக்குத்தான் ஆவுடையம்மாளுக்குத் தெரிந்தது. ஆடிவிட்டாள் ஆடி! "பனியில கெடந்து என் புள்ள விறைக்கான். ஓ.பி. அடிக்கானாம்லா, ஓ.பி.! வாய் வெந்துபோகும்லே உனக்கு!" ஆறு மாசத்துக்கு அந்த வீட்டோடு பேச்சில்லை, கோயில் கொடைக்கு வரி கேட்டு வந்தபோதுதான் சமாதானம்.

போதாக்குறைக்கு முத்துச்செல்வியின் தம்பி மணிமுத்து போலீஸ்காரன். சீசனில் குற்றாலம் அருவிக்கரையில் போலீஸ் ஒரு கொட்டகை போட்டு உட்காரும் அல்லவா, அவுட் போஸ்ட். அதுவும் ஓ.பி.தான். "அக்கா, எனக்கு இந்த மாசம் ஓ.பி. டூட்டி" என்று விசிலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்பான். ஆக, ஒரே குடும்பத்தில் இந்த இரண்டு எழுத்துக்கு நாலு பொருள். முத்துச்செல்வியைக் கேட்டால் ஐந்தாவதாக ஒன்று சொல்லுவாள். அவளுக்கு ஓ.பி. என்றால் போன் அடிக்காத நாட்கள். குளிக்கப் போனாலும் போனைச் சோப்புப்பெட்டி பக்கத்தில் வைத்துக்கொண்டு போகிற நாட்கள்.

முதல் சீட்டு விஷயத்துக்கு வருவோம். அதை ஆரம்பித்து வைத்தவள் ஆஸ்பத்திரி பெருக்குகிற பேராச்சி. முத்துச்செல்வி சேர்ந்த அன்றைக்கு விளக்குமாறும் கையுமாக வந்து, "ஏட்டி, முதல் சீட்டை நோயாளிக்குப் போட்டுராத. நோய் நொடி இல்லாத ஆளு பேருல போடு. அந்த ராசி மத்தவங்களுக்கும் வரும். முன்னால இருந்தவளும் அப்படித்தான் போடுவா" என்றாள். கடைக்காரர்கள் போணிக்குக் கைராசி பார்ப்பதில்லையா, அதுபோல. முன்னால் இருந்தவள் டாக்டர் பெயரையே எழுதுவாளாம். டாக்டருக்குச் சர்க்கரை வந்ததும் விட்டுவிட்டாளாம்.

நோய் நொடி இல்லாத ஆள் என்றதும் முத்துச்செல்விக்கு ஒரே ஆள்தான் நினைவுக்கு வந்தான். எழுதினாள். சீட்டு எண் ஒன்று, சொரிமுத்து, ஆண். என்ன செய்யுது என்ற இடத்தில் ஒரு கோடு.

அவள் எழுதுவாளே ஒழிய சொல்ல மாட்டாள். புருஷன் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லை. வீட்டில் "பிரியா அப்பா", வெளியில் "எங்க வீட்டுல". இந்தக் காலத்தில் இப்படியா என்று கேட்டால், "வாயில வரமாட்டேங்குது, என்ன செய்ய?" என்பாள். ஆனால் சீட்டு டாக்டர் அறைக்குப் போனால் அங்கே இருக்கிற நர்ஸ் கூப்பிட்டாக வேண்டும், இப்போது பெர்சிஸ். அது ஆஸ்பத்திரி முறை. மூன்று தடவை கூப்பிட்டு ஆள் வரவில்லை என்றால்தான் அடுத்த எண். பெர்சிஸ் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவள், குரல் கணீரென்று இருக்கும். எட்டு மணிக்கு வாசலில் வந்து நின்று, "சொரிமுத்து! சொரிமுத்து! சொரிமுத்து!" என்று கூப்பிடுவாள். பெஞ்சில் இருப்பவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். "ஆள் இல்லை" என்று எழுதி மடக்கி வைத்துவிட்டு இரண்டாம் எண்ணைக் கூப்பிடுவாள். அந்த மூன்று கூப்பாட்டுக்கும் முத்துச்செல்வியின் பேனா நின்றுவிடும். ஒரு நாளைக்கு ஒருமுறை அந்தப் பெயரைக் காதால் கேட்டுவிட்டால் போதும், மீதி இருநூறு சீட்டையும் அவள் ஒரே மூச்சில் போட்டுவிடுவாள்.

இதைச் சொரிமுத்துவிடம் ஒருமுறை லீவில் வந்திருந்தபோது சொன்னாள். விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, "ஒருநாள் நான் வந்து அந்த பெஞ்சுல உக்காந்திருப்பேன் பாரு. கூப்பிட்டதும் எந்திரிச்சு, இந்தா இருக்கேன்னு சொல்லுவேன்" என்றான்.

"சொல்லுவீங்க, சொல்லுவீங்க. முதல்ல ஒரு சாரலுக்கு வாங்க பாப்போம்" என்றாள் அவள்.

அது அவளுடைய பழைய குறை. குற்றாலம் அருவி வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஊர் உலகமே வண்டி கட்டி வந்து குளித்துவிட்டுப் போகிறது. இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சாரல் சீசனுக்குப் போனதில்லை. கல்யாணம் நடந்தது தை மாசம், அருவி பாறையாகக் கிடந்தது. அப்புறம் அவனுக்கு லீவு கிடைத்ததெல்லாம் பங்குனி, இல்லாவிட்டால் மார்கழி. ஒன்றாகப் போனாலும் ஒன்றாகக் குளிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியாததா? ஆம்பிளைக்கு ஒரு பக்கம், பொம்பிளைக்கு ஒரு பக்கம், நடுவில் கம்பி. அவள் கேட்டது அதை இல்லை. குளித்துவிட்டு ஈரத்தலையோடு வெளியே வந்து, சாரலில் நடுங்கிக்கொண்டு, இரண்டு பேரும் கடை வாசலில் நின்று சுடச்சுட மிளகாய் பஜ்ஜி தின்ன வேண்டும். இவ்வளவுதான் ஆசை. மற்ற வீட்டுப் பெண்கள் நின்று தின்பதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு மிளகாய் பஜ்ஜி மேலேயே ஒரு கோபம் வந்துவிட்டது.

பதினைந்து வருஷ சர்வீஸ் முடிந்தாலே பென்ஷனோடு வந்துவிடலாம். அப்போது வருகிறேன் என்றான். வீடு கட்டுகிற வேலை பாதியில் நின்றது, இன்னும் ஒரு வருஷம் என்றான். அப்புறம் இன்னும் ஒரு வருஷம். அவள் ஒவ்வொரு தடவையும் "சரி" என்றாள். அந்தச் 'சரி'யை நினைத்தால் எனக்கே ஆத்திரம் வருகிறது. ஒரு தடவையாவது முடியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.

இந்தச் சித்திரையில் அவனே கூப்பிட்டான். "செல்வி, எழுதிக் குடுத்துட்டேன். வேண்டாம், வீட்டுக்குப் போறேன்னு பேப்பர் குடுத்தாச்சு. இப்பம் ஓ.பி. போறேன், இதுதான் கடைசி. ஆடிக்குள்ள வந்துருவேன்."

"மொத்தமாவா?" என்று கேட்டாள்.

"மொத்தமாத்தான்."

அன்றைக்கு ராத்திரி அவள் தூங்கவில்லை என்று மாமியார்க்காரி பெர்சிஸிடம் சொல்லிச் சிரித்தாளாம். அந்த அம்மாளும்தான் தூங்கவில்லை.

அவன் ஓ.பி. போனான். வைகாசி போயிற்று. ஆனியில் சாரல் எடுத்தது. மேலகரம் தெருவெல்லாம் நசநசவென்று ஈரம், துணி காயவில்லை, குற்றாலம் போகிற வண்டிகளின் ஹாரன் சத்தம் ஓயவில்லை. போன் மட்டும் வரவில்லை. அவள் தினமும் முதல் சீட்டை எழுதினாள், பெர்சிஸ் கூப்பிட்டாள்.

இந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் புது மேனேஜர் வந்தார். கோமதிசங்கர் என்று பெயர், சிவகிரிக்காரர், நல்ல மனுஷன்தான், ஆனால் எதையும் கம்ப்யூட்டரில் பார்த்தால்தான் நம்புவார். சீட்டுகளையெல்லாம் அதில் ஏற்றச் சொன்னார். ஏற்றி ஒரு மாசத்தில் முத்துச்செல்வியைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏம்மா, சொரிமுத்துன்னு ஒரு பேஷண்ட். டெய்லி முதல் ஆளாப் பதிஞ்சிருக்காரு. ஒருநாள்கூட டாக்டரைப் பாக்கலை. நம்ம ஆஸ்பத்திரியில வந்து பாக்காமத் திரும்பிப் போறாங்கன்னுல்ல ரிப்போர்ட் வருது? யாரு இவரு?"

அவளால் பெயரைச் சொல்ல முடியவில்லை. "எங்க வீட்டுல" என்றாள்.

அவருக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதெல்லாம் சரிம்மா. இல்லாத ஆளுக்கு ஓ.பி. போடக்கூடாது. நாளையிலேருந்து இது வேண்டாம்" என்றார். அதட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அதட்டியிருந்தால்கூட இவள் பதில் பேசியிருப்பாள்.

மறுநாள் முதல் சீட்டு அச்சன்புதூர்க்காரர் ஒருவருக்குப் போயிற்று, மூன்று நாள் இருமல். பெர்சிஸ் வாசலில் வந்து சீட்டைப் பார்த்துவிட்டு அந்த இருமல்காரர் பெயரைக் கூப்பிட்டாள். முத்துச்செல்வியின் பேனா நின்றது. எதற்காக நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒன்றுமில்லை, ஒரு காகிதம்தானே என்று சொல்லிக்கொண்டாள். ஆனாலும் பதினோரு வருஷம் அவன் பெயரைக் கூப்பிட ஊரில் ஒரு ஆள் இருந்தது. இப்போது அவன் அங்கே பனியில், இங்கே அவன் பெயரும் இல்லை. பேராச்சி வேறு வந்து, "நல்லதுக்கில்லட்டி, ஒரு நாளும் விடாமப் போட்டத நிப்பாட்டக் கூடாது" என்று எரிகிற அடுப்பில் எண்ணெயை ஊற்றிவிட்டுப் போனாள். நாலு நாள் முத்துச்செல்வி சரியாகச் சாப்பிடவில்லை. டி.வி.யில் எல்லைச் செய்தி வந்தால் சத்தத்தைக் கூட்டுவாள், பிறகு பயந்துபோய் அணைத்துவிடுவாள்.

ஐந்தாம் நாள் ஆடி வெள்ளி. கூட்டம் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் மழைக்காய்ச்சல் இருந்தது. "பேரு? வயசு? என்ன செய்யுது?" அவள் நிமிரவே இல்லை. ஒரு மணிக்குக் கண்ணாடியின் திரையை இழுத்துவிட்டு, சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கப் போனாள்.

பெஞ்சுகளெல்லாம் காலியாகிவிட்டன. தூணோரத்தில் மட்டும் ஓர் ஆள், காலடியில் பச்சைத் தகரப்பெட்டி, மடியில் சுருட்டிய மழைக்கோட்டு. பெர்சிஸ் போய், "அண்ணாச்சி, ஓ.பி. முடிஞ்சுட்டு. சீட்டு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. எனக்கு முதல் சீட்டே போட்டிருப்பாங்க. நீங்கதான் கூப்பிடலை."

"முதல் சீட்டா? காலையிலேருந்தா இருக்கீங்க? பேரு என்ன?"

"சொரிமுத்து."

பெர்சிஸ் இந்தப் பெயரை நாலு வருஷமாகக் கூப்பிட்டவள். ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்புறம் டாக்டர் அறை வாசலுக்கு ஓடிப்போய், முறைப்படி நிற்கிற இடத்தில் நின்று, ஆஸ்பத்திரியே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள்: "சொரிமுத்து!"

உள்ளே முத்துச்செல்விக்குக் கோபம் வந்தது. வேண்டாம் என்று சொன்ன பிறகும் இவள் ஏன் இப்படி என்னை வதைக்கிறாள் என்று நினைத்தாள்.

"சொரிமுத்து!"

"இந்தா இருக்கேன்" என்றது ஒரு குரல்.

பாத்திரத்தின் மூடி கீழே விழுந்து உருண்டு போயிற்று. அவள் வெளியே வந்தாள். கறுத்துப்போய், கன்னம் ஒட்டி, உதடெல்லாம் வெடித்து, ஆனால் அவனேதான். "என்ன செய்யுது?" என்று கேட்டுவிட்டாள். பதினோரு வருஷப் பழக்கம், விட்டுப் போகுமா?

"பசிக்கி" என்றான்.

அவனுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "எட்டு மணிக்கே வந்தவரு என்னைக் கூப்பிட்டா என்ன? அஞ்சு மணி நேரம் குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்களா?"

"நீ நிமிரவே இல்லையே. பேரு கூப்பிட்டாத்தான் எந்திரிக்கணும்னு நான் ஒரே பிடிவாதமா இருந்தேன். உன்னைப் பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கென்ன, அதான வேலை?"

மறுநாள் சனிக்கிழமை. மகளையும் மாமியாரையும் பெரிய அருவிக்கரையில் துணிமணிக்குக் காவல் வைத்துவிட்டு இருவரும் குளிக்கப் போனார்கள். கொட்டகையிலிருந்து மணிமுத்து விசிலோடு ஓடிவந்தான். "என்ன அத்தான், அங்கன ஓ.பி.ய விட்டுட்டு எங்க ஓ.பி.க்கு வந்துட்டீங்க?" என்றான். "ஓ.பி. அடிச்சுட்டு வந்திருக்கான்லே" என்றாள் ஆவுடையம்மாள். அந்த வார்த்தையை அவளே சொல்லிச் சிரித்தாள், பாருங்களேன்!

முத்துச்செல்வி பெண்கள் பக்கம் போய் அருவிக்குக் கீழே தலையைக் கொடுத்தாள். தண்ணீர் அறைந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் இத்தனை தலைகளில் எது அவனுடையது என்று தெரியவில்லை. இருந்தாலும் இந்தத் தண்ணீர்தான் அங்கேயும் விழுகிறது என்று நினைத்துக்கொண்டாள். ஈரத்தலையோடு வெளியே வந்தாள். அவன் முன்னாலேயே வந்து கடை வாசலில் பஜ்ஜிப் பொட்டலத்தோடு நின்றான். நடுங்கிக்கொண்டே தின்றார்கள். வாய் சுட்டது. அவன் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு வருஷமாக அவன் வந்து இறங்கியதும் அவள் கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு. இந்தத் தடவை கேட்க வேண்டியதில்லை என்று நேற்றிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் கேட்டாள்.

"எத்தனை நாள் லீவு?"

அவன் அருவியைப் பார்த்தான். "முப்பது. பேப்பரைத் திருப்பிட்டாங்க செல்வி. புரமோஷன் வருது, ரெண்டு வருஷம் இருந்துட்டுப் போன்னு சொல்லுதாங்க. போன்ல சொல்ல மனசு வரலை."

அவள் கையில் இருந்த பஜ்ஜியை முழுசாகத் தின்று முடித்தாள். காரம் என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவன் கையில் ஆறிப்போயிருந்ததை வாங்கிக் கடைக்காரரிடம் கொடுத்து, "அண்ணாச்சி, சூடா வேற குடுங்க" என்றாள். இந்தத் தடவை அவள் 'சரி' என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஓ.பி. திறக்கிறதற்கு முன்னால் மேனேஜர் அறைக்குப் போனாள். கோமதிசங்கர் கம்ப்யூட்டரிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"சார், முப்பது நாளைக்கு நீங்க சொன்ன மாதிரி முதல் சீட்டு வந்தவங்களுக்குத்தான் போடுவேன். முப்பத்தொண்ணாம் நாளு சொரிமுத்துக்குப் போடுவேன். ரெண்டு வருஷத்துக்கு டெய்லி போடுவேன். ரிப்போர்ட்டுல நீங்க என்ன வேணும்னாலும் எழுதிக்கிடுங்க."

அந்தப் பெயர் தன் வாயிலிருந்து வந்ததை வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அவள் உணர்ந்தாள். கண்ணாடிக்கு வெளியே யாரோ இருமினார்கள். "பேரு?" என்று கேட்டு, நிமிர்ந்து பார்த்தாள்.